வார்டிலிருந்து தேயிலை ஆலைக்கு: பதின்மூன்று வருட நர்ஸ் வேலை வீணாகுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். கோத்தகிரி பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் வளர்ந்தேன். அம்மா கொழுந்து பறித்த காசில்தான் ஜி.என்.எம். நர்ஸிங் படித்தேன். கோயம்புத்தூரில் 13 வருடமாக வேலை. கடைசி ஒன்பது வருடம் ஒரே தனியார் மருத்துவமனையில், அதில் நான்கு வருடம் வார்டு இன்சார்ஜ். கணவர் ஊரிலேயே பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மகள் ஆறாம் வகுப்பு. நான் ஹாஸ்டலில் தங்கி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போவேன். போன மழையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் சம்பளமில்லாத விடுப்பில் வந்திருக்கிறேன். இனி அவரைத் தனியாக விட முடியாது. இங்கே பக்கத்தில் நர்ஸ் வேலைக்கு 12,000 தருவதாகச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஏற்றுமதிக்கு ஆர்த்தடாக்ஸ் டீ (இலையை உருட்டிச் செய்யும் வகை) தயாரிக்கும் ஒரு ஆலையில் தரக் கட்டுப்பாடும் உணவுப் பாதுகாப்பும் பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 17,000. கோவையில் 24,000 வாங்கினேன். ஆலையில் ஒருவர், "நர்ஸம்மாவுக்கு டீயைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாராம். அம்மா, "மறுபடியும் தேயிலைக்கா போறே?" என்று அழுகிறார். இத்தனை வருடம் படித்ததும் உழைத்ததும் வீணா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? விடுப்பு அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது.
– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போங்கள். ஆனால் மருத்துவமனைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பு ஆலை முதலாளியிடம் சில விஷயங்களைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

நீலகிரியில் தேயிலை ஆலைகளுக்கும் விடுதிகளுக்கும் ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். நடுவயதில் வேறு துறையிலிருந்து வந்து நன்றாக நிலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்த வேகத்தில் மனம் வெறுத்துத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். நிலைத்தவர்கள் எல்லாரும் பழைய வேலையிலிருந்து எதைக் கொண்டுவருகிறோம், எதைப் புதிதாகக் கற்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து வந்தவர்கள். "எனக்கு அனுபவம் இருக்கிறது" என்று மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. அதனால் உங்கள் அனுபவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்த ஆலையில் ஒவ்வொன்றுக்கும் எங்கே இடம் என்று பார்ப்போம்.

"டீயைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டது நியாயம்தான். பதிலும் அந்த ஆலைக்குள்ளேயே கிடக்கிறது.

ஒரு ஆர்த்தடாக்ஸ் ஆலையில் நடப்பது இதுதான். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் வந்து சேரும். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை டிரஃப் என்ற நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவெல்லாம் வாட்டுவார்கள். விடியற்காலை ரோலரில் போட்டு உருட்டும்போது இலை கசங்கிச் சாறு வெளியே வரும். அந்தச் சாறு காற்றோடு சேர்ந்து இலை செம்பு நிறமாகும்போதுதான் டீயின் மணமும் நிறமும் பிறக்கின்றன. சரியான நேரத்தில் அதை நிறுத்த டிரையருக்குள் அனுப்புவார்கள். சூடான காற்றில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால் ஒரு கிலோ டீத்தூள் கிடைக்கும். அப்புறம் சலித்து, ரகம் பிரித்து, பேக்கிங்.

இப்போது டிரையரை நடுவில் ஒரு கோடாக வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பது காட்டிலிருந்து வந்த இலை: மண், சாக்கு, பத்துப் பேரின் கை, மழைத் தண்ணீர் எல்லாம் அதோடு வந்திருக்கும். டிரையரின் சூடு கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. ஈரமும் போய்விடுவதால் மிச்சம் இருப்பவை பெருக முடியாது. ஆனால் டிரையருக்குப் பிறகு, பெட்டிக்குள் போகும்வரை, இன்னொரு சூடு கிடையாது. சலிக்கும் அறையில் விழும் தூசி, ஈரத் துடைப்பம், எலி, டிரஃப் பக்கம் நின்றுவிட்டு அதே செருப்போடு பேக்கிங் அறைக்குள் நடந்து வரும் ஒரு ஆள், பச்சை இலை அள்ளிய அதே கூடை என்று எது வந்து சேர்ந்தாலும் அது அப்படியே வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும்.

உங்கள் மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பகுதியில் என்ன விதி? அழுக்குக் கருவி ஒரு வாசல் வழியாக உள்ளே போகும், சுத்தமானது மறு வாசல் வழியாக வெளியே வரும், யாரும் எதிர்த்திசையில் நடக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காக நீங்கள் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பீர்கள்! அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது. வருடக்கணக்காக ஆலைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அந்தச் செருப்பு கண்ணில் படாது. தினமும் பார்த்துப் பழகிவிட்டார்கள். உங்களுக்கு முதல் நாளே படும். அந்த முதலாளி உங்களைத் தேடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"கொதிக்கிற தண்ணியிலதானே போடப் போறாங்க, என்ன கெட்டுப்போச்சு?" என்று யாராவது சொல்வார்கள். தயாராக இருங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. அதைவிட முக்கியம், கொதிநீர் பூச்சிமருந்தின் எச்சத்தையும் இரும்புத் தூளையும் என்ன செய்துவிடும்? இயந்திரங்கள் தேயும்போது மெல்லிய இரும்புத் துகள் டீயில் கலக்கும். ஒரு கிலோ டீயில் அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்காகத்தான் வழியில் காந்தங்கள் வைத்திருப்பார்கள். காந்தத்தைத் துடைக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் அது வேலை செய்யாது. வார்டில் க்ராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) ஒவ்வொரு ஷிஃப்டிலும் திறந்து, மருந்து இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வாரக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள், இருந்தாலும் பார்த்திருப்பீர்கள். காந்தத்துக்கும் அதே கவனம்தான் வேண்டும். ஒன்றும் நடக்காத நாட்களிலும் சலிக்காமல் சரிபார்ப்பது சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம் இல்லை. வருடங்கள் போட்டுத்தான் வரும். நீங்கள் 13 வருடம் போட்டிருக்கிறீர்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் தேயிலை வாரியம் பயிர்ப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கிறது. எந்த மருந்தை அடிக்கலாம், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அதில் வரும். இலையை வெளியிலிருந்து வாங்கும் ஆலைகளுக்குப் பல சிறு விவசாயிகளிடமிருந்து இலை வருகிறது. நாளைக்கு ஒரு லாட்டில் (ஒரே தொகுதியாகத் தயாரான டீ) எச்சம் அதிகம் என்று ஆய்வகம் சொன்னால், அந்த லாட்டில் யார் யார் இலை கலந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். எழுதி வைக்காத ஆலை அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் பையின் எண், நோயாளியின் பெயர், கைப்பட்டை மூன்றையும் இரண்டு பேராகச் சரிபார்த்தவர் நீங்கள். பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஷிஃப்ட் மாறும் நேரம். கோடை மழைக்குப் பின் ஏப்ரல், மே, ஜூனிலும், மறுபடி செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் இலை கொட்டும். ஆலை இரவு பகலாக ஓடும். இரவு ஆள் வீட்டுக்குப் போகும்போது, "ரெண்டாவது டிரஃப் இலை கொஞ்சம் சூடா இருந்துச்சு, பாத்துக்க" என்று சொல்லாமல் போனால் காலையில் இலை சிவந்து கிடக்கும். படுக்கை படுக்கையாக நின்று ஒப்படைக்கும் பழக்கத்தை டிரஃப் டிரஃப்பாக மாற்றினால் போதும். நீங்கள் அந்த ஆலைக்குச் செய்யக்கூடிய முதல் பெரிய உதவி இதுவாக இருக்கும் என்பது என் கணிப்பு. செலவே இல்லாத மாற்றம் என்பதால் முதலாளியும் மறுக்க மாட்டார்.

படித்தது வீணா என்று கேட்டீர்கள். அறுவை அரங்கில் நீங்கள் பார்த்திருக்கும் பாதுகாப்புப் பட்டியல் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்தது. அந்த யோசனை மருத்துவத்தில் பிறந்ததில்லை. விமானிகளிடமிருந்து வந்தது. 1935-ல் அமெரிக்காவில் ஒரு புதிய போயிங் விமானம் சோதனையின்போது கிளம்பிய உடனே விழுந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. ஒரு பூட்டை விடுவிக்க விமானி மறந்திருந்தார். அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் முறை அங்கே ஊன்றியது. நீங்கள் இனி கற்கப்போகும் ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற உணவுப் பாதுகாப்பு முறையின் கதையும் இதே மாதிரிதான். 1960-களில் விண்வெளி வீரர்களுக்குப் பாதுகாப்பான சாப்பாடு செய்து தர வேண்டியிருந்தது. செய்து முடித்த பொருளைச் சோதித்துக்கொண்டே இருந்தால் போதாது என்று தெரிந்தது. எங்கே கோளாறு வரக்கூடும் என்று முன்கூட்டியே ஒவ்வொரு கட்டமாக யோசித்து அங்கே காவல் வைக்கும் வழியைப் பொறியாளர்களிடமிருந்து எடுத்து உணவுக்குக் கொண்டுவந்தார்கள். தரம், பாதுகாப்பு என்ற வேலையே இப்படி வேறு துறைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததில் வளர்ந்தது. ஒரு நர்ஸ் அதற்குள் வருவதில் விநோதம் ஒன்றுமில்லை.

சரி, எது உங்களோடு வராது? இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டீயின் சுவை வராது. அது டீமேக்கரின் ராஜ்யம். உருட்டிய இலையை எப்போது டிரையருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கடிகாரத்தைவிட மூக்கை வைத்து முடிவு செய்கிறவர் அவர். மழை நாளில் ஒரு மாதிரி, டிசம்பர், ஜனவரிப் பனியில் வேறு மாதிரி. அந்த அறிவுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் டீ ஊற்றிச் சுவைக்கும்போது நீங்களும் சுவையுங்கள். முதல் ஒரு மாதம் ஆலையில் எதையும் மாற்றாதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள். "எங்க ஆஸ்பத்திரியில இப்படித்தான் செய்வோம்" என்ற வாக்கியத்தை ஆலை வாசலுக்கு உள்ளே சொல்லவே கூடாது. வெளியிலிருந்து வந்தவர்களைச் சக ஊழியர்கள் வெறுக்க ஆரம்பித்தது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான். கண்டதைக் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள். "அண்ணே, இந்தக் கூடை ரெண்டு பக்கமும் போகுதே, கலர் மாத்தி வெச்சா உங்களுக்குச் சிரமமா இருக்குமா?" என்று கேட்டால் அவரே பதில் கண்டுபிடிப்பார், அவரே செய்தும் கொடுப்பார்.

இன்னொன்று பணக்கணக்கு. வார்டில் சந்தேகம் வந்த ஊசியைத் தூக்கிப் போட்டால் அதன் விலையை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரு லாட்டை நிறுத்தினால் அது பணம். பச்சை இலை காத்திருக்காது. ஏற்றுமதிக்குக் கப்பல் தேதி உண்டு. குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகிறது, உங்கள் ஆலையின் எந்த ரகம் யாருக்குப் போகிறது, ஒரு லாட் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல் "நிறுத்துங்கள்" என்று சொல்கிறவர் பேச்சு ஆலையில் எடுபடாது. தெரிந்து சொன்னால் எடுபடும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் அதிகாரம். மருத்துவமனையில் உங்கள் பேச்சுக்குப் பின்னால் டாக்டரின் உத்தரவு இருந்தது, தொற்றுத் தடுப்புக் குழு இருந்தது. ஆலையில் தனியாக நிற்பீர்கள். உற்பத்தி மேலாளருக்குக் கீழே தரக் கட்டுப்பாட்டு ஆளை வைக்கும் ஆலைகள் உண்டு. அப்படி வைத்தால் அந்த வேலைக்கு அர்த்தமே இல்லை. இன்றைக்கு இவ்வளவு கிலோ முடிக்க வேண்டும் என்ற கவலையில் இருப்பவரிடம் போய், "இந்த லாட்டை நிறுத்துங்கள், சார்" என்று கேட்க வைப்பது இரண்டு பேருக்குமே கொடுமை. ஆகவே முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் யாரிடம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்? சந்தேகம் வந்தால் ஒரு லாட்டை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டா? முதல் கேள்விக்கு "என்னிடம்" என்றும், இரண்டாவதுக்கு "உண்டு" என்றும் அவர் சொல்ல வேண்டும், நியமனக் கடிதத்திலும் எழுத வேண்டும். அவர் மழுப்பினால் போகாதீர்கள். தணிக்கைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக ஒரு பெயரைத் தேடுகிறார் என்று அர்த்தம். அங்கே உங்கள் பதின்மூன்று வருடம் உண்மையிலேயே வீணாகும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும். நர்ஸ் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு பி.பி. பார்க்கச் சொல்வார்கள், சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்பார்கள். செய்யுங்கள், அதனால் ஆலையில் நல்ல பெயரும் நெருக்கமும் வரும். ஆனால் அதற்கென்று மதிய இடைவேளையில் ஒரு நேரம் ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நீங்கள் ஆலையின் முதலுதவிப் பெட்டியாக மட்டும் ஆகிவிடுவீர்கள்.

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்ற கேள்விக்குக் கொடைக்கானலில் ஒருவர் இருந்தார், அவரைச் சொல்கிறேன். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1907-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கே வேலைக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் பல வருடம் பார்த்தது வேதிப்பொருள்களை ஆய்வு செய்யும் வேலை. வானியல் அவருக்குச் சம்பள வேலையாக இருந்ததே இல்லை. ஆனால் அத்தனை வருடமும் ஓய்வு நேரத்தில் சொந்தத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவிகளைத் தன் கையாலேயே செய்தார். கொடைக்கானல் வந்து இரண்டே வருடத்தில், 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். பின்னாளில் அந்த ஆய்வகத்துக்கே இயக்குநர் ஆனார்.

துறை மாறி ஜெயித்தவர் கதையாக இதைச் சொல்வது சுலபம். எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. அவர் மாறுவதற்கு முன்பே மாற ஆரம்பித்துவிட்டார். வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு சூரியனைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. உங்களுக்கும் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. குன்னூரில் உபாசி இருக்கிறது, 1893-லிருந்து இயங்கும் தோட்ட உரிமையாளர்களின் சங்கம். தேயிலை வாரியத்தின் அலுவலகமும் அங்கேயே இருக்கிறது. இரண்டுக்கும் நேரில் போய் என்ன பயிற்சி எப்போது என்று கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சித் திட்டத்தில் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி உண்டு. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது இந்தச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்க்கிறது. அதனால் ஆலைக்கே இது தேவைப்படும். சேருவதற்கு முன்பே முடித்துவிட்டுப் போனால், டீயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவருக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவைத்தான் சொல்கிறேன்.

அவர் அழுவது எனக்குப் புரிகிறது. 1964-ல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இந்தத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. தலைமுறை தலைமுறையாக முதுகில் தொங்கிய கூடையை மகள் இறக்கி வைத்துவிட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்திருப்பார். "தேயிலை" என்ற சொல் காதில் விழுந்ததும் மழையில் அட்டை கடித்த காலும், எடைத் தராசு முன்னால் நின்ற நேரங்களும்தான் அவருக்கு நினைவு வரும். அதனால் அவரிடம் விவாதம் செய்யாதீர்கள். முடிந்தால், நடக்கத் தெம்பு வந்ததும், முதலாளியிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் அவரை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் அது டீயாவதை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நீங்கள் எந்த நாற்காலியில் உட்காருவீர்கள், உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டி வெளியே போகாது என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அதோடு அவரிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. நல்ல கொழுந்து எது, முற்றிய இலை எது, சாக்கில் இறுக்கி அடைத்ததால் சூடேறிய இலை கையில் எப்படி இருக்கும் என்றெல்லாம் இலையைத் தொட்டே சொல்லக்கூடியவர் அவர். தரத்தின் பாதி, இலை ஆலைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒரு சாக்கில் கையை விட்டுப் பார்த்து அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். நர்ஸாகப் பெற்ற கண்ணும் அம்மாவிடமிருந்து வரும் கையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். நான் அந்த ஆலைக்கு ஆள் எடுப்பவனாக இருந்தால் உங்கள் விண்ணப்பத்தைத்தான் மேலே வைப்பேன்.

இப்போது பணம். 24,000-லிருந்து 17,000 என்றால் 7,000 குறைகிறது. ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, வாரா வாரம் மலை ஏறி இறங்கிய பஸ் செலவு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் கொடுக்க வேண்டிய கூலி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கையில் நிற்கும் காசில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனாலும் 17,000-த்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தை மறுபடி பேசுவோம் என்பதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். புதிதாக வருபவரிடம் "பாத்துக்கலாம்மா" என்று வாய்வார்த்தை சொல்வது வழக்கம். அது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மருத்துவமனையிலிருந்து வர வேண்டியதை விட்டுவிடாதீர்கள். ஒரே இடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததால் கிராஜுவிட்டி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். அந்தத் தொகை 14,000 என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வருடத்துக்குச் சுமார் 72,700 ரூபாய் வரும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சம்பளமில்லாத விடுப்பை எப்படிக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று விலகும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணைப் புதிய ஆலையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷன் திட்டத்தில் பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன் கிடைக்கும். கோவையில் முதலில் வேலை பார்த்த இடத்திலும் பி.எஃப். பிடித்திருந்தால் அந்தக் கணக்கு இதோடு சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பலருக்கு அது சேராமலே கிடக்கிறது.

நர்ஸிங் கவுன்சில் பதிவையும் காலத்தில் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். நாளைக்கு ஆலை சரிப்படவில்லை என்றால் திரும்பிப் போக வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழி இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் ஒரு லாட்டை நிறுத்தச் சொல்லும்போது உங்கள் குரல் நடுங்காது.

கடைசியாக ஒன்று, இதையும் முதலாளியிடம் பேச வேண்டும். சீசனில் இரவு ஷிஃப்ட் வரும். இரவு விழிப்பது உங்களுக்குப் புதிதில்லை, ஆனால் கோத்தகிரிப் பக்கம் இருட்டில் தேயிலைக் காட்டு வழியே நடக்க முடியாது. கரடியும் காட்டெருமையும் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவு ஷிஃப்டுக்கு ஆலை வண்டி வீட்டு வாசல்வரை வர வேண்டும். கணவர் வண்டி வைத்திருக்கிறாரே, அவர் கூட்டிக்கொண்டு போவார் என்று விட்டுவிடாதீர்கள், அவருக்கும் தூக்கம் வேண்டும், மகளோடும் அம்மாவோடும் யாராவது இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரத்தில் முதலாளியோடு இந்தப் பேச்சையெல்லாம் முடித்துவிடுங்கள். நேரடிப் பொறுப்பு, லாட்டை நிறுத்தும் அதிகாரம், ஆறு மாதச் சம்பளப் பேச்சு, இரவு வண்டி நான்கும் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, விடுப்பு முடிவதற்குள், மருத்துவமனைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். அனுபவச் சான்றிதழில் "வார்டு இன்சார்ஜ்" என்று நான்கு வருடத்தையும் குறிப்பிட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். வெறும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.